‘நெருங்கு’ என்ற கட்டளை

போன மாதம் மேகன் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஏரிக்கரையில் இருக்கும் பழைய கோட்டையில் நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். கோடைகாலக் காவல் அணியின் பயிற்சிச் சார்ஜன்ட். நெப்போலியன் காலத்து ஆங்கிலேயக் காலாட்படை எப்படி வரிசை கட்டியது, எப்படித் திரும்பியது, எப்படிச் சுட்டது என்று சிவப்புக் கோட்டு உடுத்திக்கொண்டு பார்வையாளர்களுக்குச் செய்து காட்டும் வேலை.

“நசீர், மற்றக் கோட்டைகளில் ஆள் விழுந்ததும் வரிசையை மையத்துக்கு நெருக்கும் பயிற்சியைக் காட்டுகிறார்கள். எங்களிடம் மட்டும் அது இல்லை. ஏன் என்று கேட்டால் எல்லோரும் உங்களைக் கேட்கச் சொல்கிறார்கள்” என்றாள்.

அது கொஞ்சம் நீளமான கதை என்றேன். எழுதித் தரச் சொன்னாள். ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அந்த அரைப் பக்கத்தில் அடங்காமல் போனது நிறைய. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கோட்டைக்குள் போனது தையல்காரனாக. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு தையல்கடை இருந்தது. முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி புலிகள் இயக்கம் சொன்ன நாளில், மெஷின்களை அப்படியே விட்டுவிட்டு, கையில் துணிகூட இல்லாமல் தெருவுக்கு வந்தோம். புத்தளத்தில் சில வருடம் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். பிறகு நானும் மனைவி மும்தாஜும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தோம். ஸ்படைனாவில் கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அதை இழுத்து மூடியதும், கோட்டையில் கம்பளிச் சீருடைகளைத் திருத்த ஆள் தேடுவதாக அறிந்து போய்க் கேட்டேன். அன்றே எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் கோல்டர். கனடிய இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சமாதானப் படையில் சைப்பிரஸ் வரைக்கும் போய் வந்தவர். இடது காது கேட்காது. அவர் சத்தம் போட்டுக் கட்டளை கொடுத்தால் பக்கத்து வேகசாலையில் ஓடும் லொறியின் சாரதிக்கும் கேட்கும் என்பார்கள். ஆனால் பிழை விட்ட ஆளிடம் அவர் சத்தம் போட்டதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பிழை விட்டவனுக்குப் பக்கத்தில் வருவார். அவன் நிற்கிற மாதிரியே தானும் நிற்பார். அவன் பார்க்கும் திசையையே தானும் பார்ப்பார். பிறகு, “இங்கிருந்து உனக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்பார். அவன் சொல்லுவான். சொல்லும்போதே தன் தோள் எங்கே விலகியிருக்கிறது என்று அவனுக்கே விளங்கிவிடும்.

ஒரு நாள் வரிசையில் ஆள் குறைந்தது. நான் பொத்தான் தைத்து முடித்த கோட்டு ஒன்றை என் தோளிலேயே போட்டு, “உனக்கு அளவாகத்தானே இருக்கிறது” என்று இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். இரண்டு கோடை வரிசையில் நின்றேன். மூன்றாவது கோடையில் சார்ஜன்டின் ஈட்டியை என் கையில் தந்தார்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியைக் கையில் தூக்கிப் பார்த்தால்தான் அந்தக் காலத்து அணிவகுப்பு விளங்கும். மஸ்கெட் என்பது ஒரு நீளமான இரும்புக் குழாய். தனி ஆள் குறி பார்த்துச் சுட்டால் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. பட்டாலியன் முழுவதும் தோளோடு தோள் நின்று ஒரே சொல்லுக்குச் சுட்டால், எதிரில் நிற்பவர்கள் மேல் படாமல் போகாது. ஆகவே ஆயுதம் என்பது துப்பாக்கி அல்ல, வரிசைதான். வரிசை வளைந்தால் ஆயுதம் வளைந்தது. வரிசை பிளந்தால் ஆயுதம் முறிந்தது.

றோட்டில் நடக்கும்போது பட்டாலியன் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு போகும். சுட வேண்டிய இடம் வந்ததும் அகலமாக விரிந்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு வரிசை ஆகும். குதிரைப்படை வந்தால் நான்கு பக்கமும் மூடிச் சதுரமாகும். பாதையில் நடந்த உருவத்தில் இருந்து வரிசைக்கு, வரிசையில் இருந்து சதுரத்துக்கு, புகையிலும் சத்தத்திலும் ஒருவரை ஒருவர் மிதிக்காமல் மாறுவதுதான் பயிற்சி எல்லாம். எங்களிடம் ஒரு பட்டாலியனுக்கு ஆள் எங்கே? ஒரு பஸ்ஸுக்குள் அடங்கிவிடுவோம். ஆனாலும் சின்னதாக ஒரு சதுரம் கட்டிக் காட்டுவோம். வந்திருக்கும் பிள்ளைகளை உள்ளே விடுவோம். சதுரத்தின் உள்ளேதான் கொடியும் பறை அடிப்பவர்களும் காயப்பட்டவர்களும் இருப்பார்கள் என்று கோல்டர் சொல்லுவார். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சுற்றிப் பார்க்கும்.

எனக்குப் பிடித்தது திரும்பல். கதவு திரும்புகிற மாதிரி முழு வரிசையும் ஒரு முனையைப் பிணைச்சலாக வைத்துச் சுழலும். பிணைச்சலில் நிற்பவன் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பான். மறுமுனையில் நிற்பவன் எட்டி எட்டி வைத்து நடப்பான். நடுவில் இருப்பவர்கள் கண்ணை வெளிமுனையில் வைத்து, முழங்கையை உள்முனைப் பக்கத்து ஆளில் படவிட்டுக்கொண்டு வரவேண்டும். கண் ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம். புதிதாக வருபவர்கள் அதில்தான் குழம்புவார்கள்.

நெருங்கும் பயிற்சி இப்படி. சுடுபட்டு ஒருவன் விழுகிறான், அவனுக்குப் பின்னால் நின்றவனும் விழுகிறான் என்று வையுங்கள். வரிசையில் ஒரு ஆள் அகலத்துக்கு ஓட்டை. அந்த ஓட்டை அப்படியே இருக்கக்கூடாது. “மையத்துக்கு நெருங்கு” என்று கட்டளை வரும். ஓட்டைக்கு வெளிப்பக்கம் நிற்பவர்கள் கொடி நிற்கும் நடுப்பக்கமாக நகர்ந்து மூடுவார்கள். வரிசைக்குப் பின்னால் நடப்பது சார்ஜன்டின் இடம். நகரத் தயங்குகிறவனின் முதுகில் ஈட்டியைக் குறுக்காகப் பிடித்துத் தள்ளி மூடச் செய்வது அவன் கடமை. விழுந்தவனைக் குனிந்து பார்க்க அனுமதி இல்லை. அவன் நின்ற இடம் உடனே இல்லாமல் போகவேண்டும்.

கோல்டர் இதைக் காட்டும்போது யாரையும் விழுந்து நடிக்க விடமாட்டார். “துணியைத் தட்டிக்கொண்டு எழும்புகிற சாவைப் பார்த்தால் சனம் சாவைத் தவறாக விளங்கிக்கொள்ளும்” என்பார். தானே வரிசைக்குப் பின்னால் வந்து இரண்டு பேரின் தோளைத் தொடுவார். தொட்டவர்கள் சத்தமில்லாமல் பின்னுக்கு வந்து நிற்பார்கள். அவ்வளவுதான். அதைப் பார்க்கிற சனம் ஏனோ அமைதியாகிவிடும்.

குலம் எனக்கு இரண்டு வருடம் கழித்து வந்தவன். புல்லு வெட்டுவது, அடுப்புகளுக்கு விறகு போடுவது, வேலி திருத்துவது அவன் வேலை. நல்ல உயரம். அதனால் வரிசையின் வலது முனையில் கோல்டர் அவனை நிறுத்தினார். முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமம். தாய் தகப்பன் இல்லாமல் பவளம் என்ற அக்காவின் கையில் வளர்ந்தவன். ஸ்காபரோவில் எனக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்தான். காலையில் ஒன்றாக சப்வேயில் போய், பாதர்ஸ்டில் ஸ்ட்றீட்கார் மாறி இறங்குவோம்.

முதல் நாள் என் பெயரைக் கேட்டதும், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்றான்.

“யாழ்ப்பாணமோ நானா?”

“ஓம்.”

“நான் அப்ப வன்னியில. சின்ன ஆள். கேள்விப்பட்டனான்.”

அதற்குமேல் அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அவன் தம்பி இயக்கத்துக்குப் போய்ச் செத்தது எனக்கு வேறு ஆட்கள் சொல்லித் தெரியும். அதையும் நாங்கள் பேசவில்லை. புல்லு, குளிர், மஸ்கெட்டில் பிடிக்கிற துரு, இவற்றைப் பேசியே பல வருடம் ஒன்றாகப் பயணம் செய்தோம். மும்தாஜ் நோன்புக் கஞ்சி காய்ச்சினால் அவனுக்கு ஒரு போத்தல் போகும்.

பிறகு ஊரில் கடைசிச் சண்டை நடந்த வசந்தகாலம் வந்தது. குலத்தின் அக்காவும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் கடற்கரை ஓரமாக ஒதுங்கிய சனத்தோடு இருந்தார்கள். அத்தான் மாசி மாதமே செல் குண்டு விழுந்து இறந்துவிட்டார். எங்கிருந்தோ ஒரு தொலைபேசியில் அக்கா ஒருமுறை கூப்பிட்டிருக்கிறாள். பிறகு சத்தமில்லை. சண்டையை நிறுத்தக் கேட்டு நகரத்தில் எங்கள் சனம் ஒவ்வொரு நாளும் தெருவில் நின்றது. குலம் வேலை முடிந்து அங்கே போவான். என்னை வா என்று கூப்பிட்டதில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் கோடைகாலத் திறப்புக்காக நாங்கள் இருவரும் நின்று துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம். கோட்டையின் மதிலை ஒட்டித் தலைக்கு மேலே வேகசாலை ஓடுகிறது. அந்த இரைச்சலுக்குப் பழகிப்போய் அது எங்கள் காதில் விழுவதே இல்லை. திடீரென்று குலம் தலையைத் தூக்கினான்.

“நானா, றோட்டுச் சத்தம் இல்லை.”

கேட்டுப் பார்த்தேன். இல்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் குருவிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய தொலைபேசி அடித்தது. எங்கள் சனம் வேகசாலையில் ஏறி வாகனங்களை மறித்துக்கொண்டு இருந்துவிட்டதாம், தள்ளுவண்டியில் குழந்தைகளோடு பெண்கள்கூட இருக்கிறார்களாம். அவன் எண்ணெய்த் துணியை வைத்துவிட்டுப் புறப்பட்டான். நானும் கூடவே நடந்தேன். ஸ்படைனாவில் மேலே ஏறும் சரிவு வரைக்கும் போனோம். மேலே கொடிகள் தெரிந்தன. என்னை வீட்டை விட்டு அனுப்பியவர்களின் கொடி. நான் நின்றுவிட்டேன்.

குலம் திரும்பிப் பார்த்தான். கொடியையும் பார்த்தான்.

“நீங்கள் நில்லுங்கோ நானா. நான் போட்டு வாறன்.”

தன்னுடைய சாப்பாட்டுப் பையை என் கையில் தந்துவிட்டு ஏறினான். மேலே போக எனக்குக் கால் வரவில்லை. வீட்டுக்குப் போகவும் வரவில்லை. பொலிஸ்காரர் ஒருவர், போராட்டத்துக்கு வந்தவனா, வழிப்போக்கனா என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், “ஒரு ஆளுக்காகக் காத்திருக்கிறேன்” என்றேன். மேலே இருந்து பெண்களின் குரல் வந்துகொண்டே இருந்தது. ஓர் அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழுதார். அது யாருடைய பெயர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தபோது புத்தளத்துக் கொட்டில்களில் எங்கள் பெண்கள் அழுத மாதிரியேதான் இருந்தது.

அடுத்த வாரம் விக்ரோரியா தின விடுமுறை, ராணியின் பிறந்தநாள். கோட்டை திறக்கும் நாள். பீரங்கி மரியாதை, வரிசைக் காட்சி எல்லாம் உண்டு. அன்று காலை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். யுத்தம் முடிந்தது. மும்தாஜ் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அந்தப் பிள்ளை இண்டைக்கு வேலைக்கு வராது” என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் குலம் எனக்கு முன்னமே நின்றான். முகம் சவரம் செய்திருந்தது.

“நீர் ஏன் வந்தனீர்? கோல்டருக்கு நான் சொல்லியிருப்பன்தானே.”

“வீட்டில இருந்தா ரீவிக்கு முன்னாலதான் நானா இருக்கவேணும்.”

கோல்டருக்கும் செய்தி தெரிந்திருந்தது. வாசலில் குலத்தின் கையைப் பிடித்து, “நீ இன்றைக்கு உடுக்கத் தேவையில்லை” என்றார். குலம் உடுக்கிறேன் என்றான். அவர் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

வெயில் நல்லாக இருந்தது. நிறையச் சனம். முதலில் திரும்பல், பிறகு சதுரம், பிறகு சூடு. தாளில் சுற்றிய வெடிமருந்தைப் பல்லால் கடித்துத் திறந்து, குழாயில் கொட்டிச் சுட்டோம். குண்டு கிடையாது, வெறும் மருந்து. வெள்ளைப் புகை எழும்பி ஏரிப் பக்கமாகப் போனது. புகைக்குள் கோல்டர் வரிசைக்குப் பின்னால் வந்து, வலது முனையில் குலத்துக்கு அடுத்து நின்ற ஜெஸ் என்ற மாணவியின் தோளையும், அவளுக்குப் பின்னால் நின்றவரின் தோளையும் தொட்டார். இருவரும் பின்னுக்கு வந்தார்கள். அவர் யோசித்துத் தொட்டது அல்ல அது. எப்போதும் முனைப் பக்கத்தில்தான் தொடுவார். அப்போதுதான் நகர்வது சனத்துக்குத் தெளிவாகத் தெரியும்.

முன்னால் போய் நின்று கட்டளையைக் கொடுத்தார். நெருங்கு.

நகரவேண்டியது குலமும் அவனுக்குப் பின்னால் நின்றவரும் மட்டும். ஒரு எட்டு இடது பக்கம். குலம் அசையவில்லை. அவன் அசையாததால் பின்னால் நின்றவரும் அசையவில்லை. புகை விலகியதும் அந்த ஓட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

தள்ளவேண்டியவன் நான். ஈட்டியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். சிவப்புக் கம்பளியில் நான் தைத்த தையல் தெரிந்தது.

“குலம், ஒரு எட்டு வாரும்” என்றேன் மெதுவாக.

அவன் திரும்பவில்லை. நேரே பார்த்தபடி சொன்னான்.

“மூட ஏலாது நானா. அது ஆள் நிண்ட இடம்.”

நான் ஈட்டியைக் கீழே இறக்கினேன். வரிசைக்கு மேலால் கோல்டரைப் பார்த்தேன். ஒரு தொப்பி சரிந்திருந்தாலும் பொறுக்காத மனிதர். அவர் அந்த ஓட்டையைப் பார்த்தார், குலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சனம் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்து முணுமுணுக்கத் தொடங்கியது. கோல்டர் மூச்சை இழுத்தார். அந்தக் கட்டளையை இரண்டாம் தரம் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

“முன்னே நட” என்றார்.

பறை அடித்தது. வரிசை நடந்தது. படையில் நடந்து பழகியவர்களுக்குத் தெரியும், நடக்கும் வரிசையில் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். முழங்கை பக்கத்து ஆளைத் தேடும், கால் தானாகச் சரியும். அன்று அது மூடவில்லை. ஓட்டைக்கு இடது பக்கம் நடந்த பிள்ளை, தன் வலது முழங்கைக்கு ஒன்றும் படாமலே, அந்த இடத்தில் ஒரு ஆள் நடக்கிறமாதிரி இடம் விட்டு நடந்தாள். இவ்வளவுக்கும் அவளுக்கு ஒன்றும் தெரியாது, தமிழும் தெரியாது. புல்வெளியின் கடைசி வரைக்கும் போய், குலத்தைப் பிணைச்சலாக வைத்து முழு வரிசையும் திரும்பியது. திரும்பும்போதுகூட அந்த இடம் அதே அகலத்தில் இருந்தது. அவ்வளவு வருடத்தில் அதைப்போல் நேராக ஒரு வரிசை நடந்து நான் பார்க்கவில்லை. ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த வெற்றிடத்துக்கு நேரே பின்னால் நடந்தேன். எதிரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது.

சனம் கைதட்டியது. அணி கலைந்தது. குலம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். கோல்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் போனார். அவன் நின்ற மாதிரியே நின்றார். அவன் பார்த்த பக்கமே பார்த்தார். வழக்கமாகக் கேட்கும் கேள்வியை அன்று அவர் கேட்கவில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள். உல்லாசப் பயணி ஒருவர் படம் எடுக்கப் போனார். நான் போய்க் குறுக்கே நின்று மறைத்தேன்.

பின்னேரம் துப்பாக்கிகளைப் பூட்டும்போது கோல்டர் என்னிடம், “இனி இந்தக் கோட்டையில் அந்தக் கட்டளையை யாரும் கொடுக்கப் போவதில்லை. காரணம் கேட்டால் என்னிடம் அனுப்பு” என்றார். யாரும் கேட்கவில்லை. மேகனின் கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

வீடு திரும்பும்போது எங்கள் கட்டடங்களுக்கு நடுவில் இருந்த கார் தரிப்பிடத்தில் விடுமுறைக்காக வாணம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிள்ளைகள் துள்ளின. குலம் நடையை நிறுத்திவிட்டு, வானத்தைப் பார்க்காமல், அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வேறு வழியால் போவோமா என்று கேட்டேன்.

“வேண்டாம் நானா. உவங்களுக்கு என்ன தெரியும். ராணிட பிறந்தநாள்.”

பிறகு காத்திருப்பு. தப்பி வந்த சனத்தை வவுனியாப் பக்கம் முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். பெயர்கள் வரவில்லை. குலம் விடியும் முன் எழும்பி யார் யாருக்கோ தொலைபேசி எடுத்துவிட்டு வேலைக்கு வருவான். அமெரிக்கர் இங்கே படையெடுத்து வந்த அந்தக் காலத்துச் சண்டையைப் பற்றிப் பார்வையாளர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்தச் சண்டையில் கடைசியாக யார் வென்றது? முன்பெல்லாம் அவன் பகிடியாக, “நீங்கள் எல்லையின் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறீர்கள் என்று சொன்னால் சொல்லுவேன்” என்பான். அந்தக் கோடையில் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டான். “சமாதானம் எழுதிய பிறகும் செய்தி வந்து சேராமல் தெற்கே இன்னொரு சண்டை நடந்தது. எல்லை பழைய இடத்திலேயே இருந்தது. இங்கே செத்த ஆட்களை அந்தப் பூங்கா இருக்கிற பக்கம் புதைத்தார்கள்” என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவான்.

புத்தளத்தில் இருக்கும் என் தம்பி றிஸ்வான் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். அந்த முகாம்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போய் வருகிறான் என்று அறிந்ததும் நான் அவனைக் கூப்பிட்டேன். குலத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஆசை வரும்.

“நானா, உங்களுக்கு விசரே?” என்றான் றிஸ்வான். “எங்களை அனுப்பேக்க ஒரு சனம் கதவைத் திறந்து என்னெண்டு கேட்டதா?”

“கேக்கேல்லை.”

“பிறகு நான் ஏன் இவங்கட ஆக்களைத் தேடித் திரியோணும்?”

“பொம்பிளைப்பிள்ளையள் றிஸ்வான். தாயும் ரெண்டு பிள்ளையும்.”

லொறி எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அவனுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்.

“பேரைச் சொல்லுங்க” என்றான்.

அவன் ஒவ்வொரு முறையும் போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறான். இலை உதிரத் தொடங்கிய நேரம் கூப்பிட்டான். மூத்தவள் துளசி உயிரோடு இருக்கிறாள். ஒரு கிழவியோடு ஒரே கூடாரத்தில் இருக்கிறாள். மற்ற இருவரும் இல்லை. வைகாசியில், கடைசி நாட்களில், ஒரே செல்லில்.

அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. குலம் அகழிக்குப் பக்கத்தில் மெஷினால் புல்லு வெட்டிக்கொண்டிருந்தான். நான் வந்த விதத்தைப் பார்த்தே மெஷினை நிறுத்திவிட்டான்.

“சொல்லுங்கோ நானா.”

“துளசி இருக்கிறா. என்ர தம்பி கண்டவன், கதைச்சவன்.”

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் நான் சொல்லவேண்டி இருந்தது.

“அக்கா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“சின்னவள்?”

அதற்கும் ஆட்டினேன்.

“எங்கை?”

“கடற்கரையில. அந்தப் பிள்ளைக்கு இடம் சொல்லத் தெரியேல்லை.”

அவன் கொஞ்ச நேரம் மெஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கயிற்றை இழுத்து ஸ்டாட் பண்ணினான். நின்ற இடத்தில் இருந்து புல்லை வெட்டிக்கொண்டு போனான். மதில் வரைக்கும் போய், திரும்பி, இன்னொரு நேர்கோடு. அழுதானா என்று எனக்குத் தெரியாது. மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. புல்வெளி முழுவதையும் வெட்டி முடிக்கும் வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன்.

துளசியைக் கனடாவுக்கு எடுப்பதற்குக் கூடுதல் வருமானம் காட்டவேண்டும் என்று குலம் கோட்டையை விட்டு மிசிசாகாவில் விமானநிலையச் சரக்கு வேலைக்குப் போனான். அவள் வந்து சேர வருடங்கள் ஆயின. குலம் ரூஜில் வீடு வாங்கியதும் என்னையும் மும்தாஜையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். துளசி அதிகம் பேசாத பெண். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு எதிரில் இருந்தாள்.

“றிஸ்வான் மாமா எப்பிடி இருக்கிறார்?”

“நல்லா இருக்கிறான் பிள்ளை.”

“எனக்குச் செருப்பு வாங்கித் தந்தவர். கம்பிக்கு மேலால எறிஞ்சவர். ஒண்டு உள்ள விழுந்தது, மற்றது கம்பியில தொங்கிச்சுது. ஆமிக்காரன் எடுத்துத் தரும்வரைக்கும் போகாமல் நிண்டவர்.”

றிஸ்வான் இதை எனக்குச் சொல்லவே இல்லை.

கோல்டர் ஓய்வு பெற்று நோவா ஸ்கோஷியாவில் மகளிடம் போனார். அங்கேதான் காலமானார். எனக்கும் வயதாகி ஈட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். போன மாசி மாதம் குலம் முதல் தடவையாக ஊருக்குப் போனான். துளசி வரமாட்டேன் என்றுவிட்டாள். தனியாகப் போய் அந்தக் கடற்கரையில் இரண்டு நாள் நடந்திருக்கிறான். மணலும் பற்றையும்தான். எந்த இடத்தில் நிற்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டதாகத் துளசிக்குச் சொல்லியிருக்கிறான்.

சில நாள் கழித்து, விடியற்காலையில் நான் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது றிஸ்வான் கூப்பிட்டான். புத்தளத்தில் அப்போது வெயில்.

“நானா, உங்கட கூட்டாளி வந்திருக்கிறார்.”

“குலமோ? சாப்பாடு குடுத்தியா?”

“வீட்டுக்கு இன்னும் வரேல்ல. பஸ்ஸால இறங்கினதும் வாப்பாவை எங்க அடக்கினது எண்டு கேட்டார். மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்.”

எங்களைப் பெற்ற வாப்பா, யாழ்ப்பாணத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே புத்தளத்தில் மௌத்தானவர். அப்போது நான் ரொறன்ரோவில் இருந்தேன். விசா சரிவராததால் ஜனாஸா அடக்கத்துக்குப் போகவில்லை. குலத்துக்கு இதை நான் சொன்னதாக நினைவில்லை.

“என்ன செய்யிறார்?”

“செருப்பைக் கழட்டிப்போட்டு நிக்கிறார். வாங்க போவம் எண்டாலும் வாறாரில்ல.” றிஸ்வான் குரலைத் தாழ்த்தினான். “ஒரு பிடி மண் போடலாமோ எண்டு கேக்கிறார் நானா. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்பிடிப் போடுறதில்லயே. நான் என்ன சொல்ல?”

அடுப்பை அணைத்தேன். அந்த மையவாடியை நான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை.

“போடச் சொல்லு” என்றேன்.